வீதிப் பெயர்களும் சீவகாருணியமும்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்குந் தொழில் பூண்ட அன்பர்களே,

ஊர்ப்பெயரும் வீதிப்பெயரும் ஏதேனும் ஒரு காரணம் பற்றியே இடப்படுவன. காரணம் அழிந்தொழிந்த பின்னும் பெயர் அழியாது நிற்கும். குளம் தூர்ந்து குடிமனையான நிலத்தைக் குளத்தடி என்கிறோம். ஆலமரம் வீழ்ந்து பல தலைமுறை கழிந்தும் அவ்விடத்தை ஆலடி என்கிறோம். சரித்திரம் எழுதுவோர் அரசர் செய்த போர்களையும் எடுத்த மாளிகைகளையும் விரித்தெழுதுவர். சனங்கள் ஓய்வுநேரத்தில் எதனைக் கண்டு நகைத்தார்கள், எதனைக் கண்டு கைகொட்டினார்கள் என்பதைப் பெரும்பாலும் எழுதாது விடுவர். வீதிப்பெயரோ அவ்வாறு விடுவதன்று. அது யாருக்கும் முகமன் கூறாது, யாருக்கும் அஞ்சாது, தான் பிறந்த காலத்தில் அவ்விடத்து நிகழ்ந்ததைச் சொல்லிக்கொண்டே நிற்கும்.

யாம் இளமையில் மிசன் பாடசாலையிற் படித்தபோது இங்கிலாந்து தேசத்துச் சரித்திரம் எமக்கு விரிவாகக் கற்பிக்கப்பட்டது. அரசர்களின் பெயர்களையும் அவர்கள் ஆண்ட வருடங்களையும் நெட்டுருப்பண்ணி ஒப்புவித்தோம். அத்தேசத்து நகரங்களின் வீதிப்பெயர்கள் சொல்லும் சரித்திரமோ அப்புத்தகங்களில் இருந்ததில்லை. பின்னர் வேறு நூல்களில் அதனைக் கண்டு வியப்புற்றோம். அதனையே இன்று எடுத்துக்கொண்டு, சைவ ஆசிரியராகிய நாம் அதனால் அறியற்பாலது யாது என ஆராயப் புகுந்தோம். ஒரு தேசத்தாரைப் பழித்தல் எமது கருத்தன்று. வழக்கம் என்னும் திரை மனிதர் கண்ணை எத்துணைக் காலம் மறைத்து நிற்கும் என்பதையும், அத்திரை எவ்வாறு கிழிந்தது என்பதையும் அறிந்து, நம் கண்முன்னே தொங்கும் திரையைத் தேடுதலே கருத்தாம்.

இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் தென்கரையிலே, சவுத்வாக் என்னும் பகுதியில், 'பெயார் காடின்ஸ்' என்னும் ஒரு சிறு சந்து இன்றும் உளது. கரடித் தோட்டம் என்பது அதன் பொருள். அரசிறை வீற்றிருக்கும் வெஸ்ற்மினிஸ்ரர்ப் பகுதியிலே 'கொக்பிற் ஸ்ரெப்ஸ்' எனச் சில கற்படிகள் உள. சேவற்களப் படிகள் என்பது அதன் பொருள். பேர்மிங்காம் நகரின் நடுவிலே பெரிய கடைத்தொகுதி ஒன்று விளங்கும் இடத்துக்குப் பெயர் 'புல் றிங்.' இடபத்தைக் கட்டும் வளையம் என்பது அதன் பொருள். லட்லோ, வேக்பீல்ட் முதலிய ஊர்களிலும் இப்பெயர் வழங்குகின்றது. இப்பெயர்களைக் கேட்கும் ஒருவர் அங்கே கரடிகளைக் காட்சிக்கு வளர்த்தனர் போலும், இடபங்களை விற்றனர் போலும் என எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று.

கோழியையும் கரடியையும் இடபத்தையும் குறிக்கும் பெயர்கள் எல்லாம் இவ்வகையின என்று கொள்ளலாகாது. அத்தேசத்துச் சத்திரங்களுக்கும் மதுச்சாலைகளுக்கும் பிராணிகளின் உருவெழுதிய பலகைகளைத் தூக்குவது வழக்கமாதலின், அப்பலகையாற் பெயர்பெற்ற வீதிகளும் பலவாம். யாம் மேலே எடுத்துச் சொன்ன மூன்றும் ஐயமின்றிக் கொலை விளையாட்டினாற் பெயர்பெற்றனவே.

கரடித் தோட்டத்தில் நிகழ்ந்தது யாதெனிற் கூறுதும். வட்டமாகப் பார்வையாளர் படிகள் அமைத்து, நடுவே ஒரு கம்பம் நாட்டி, அதிற் கரடியைச் சங்கிலியாற் பிணித்து, வலிய வேட்டை நாய்களை அதன்மேல் ஏவிவிடுவர். நாய்கள் கரடியின் முகத்தையும் தொண்டையையும் கௌவும்; கரடி நாய்களை அறைந்தும் நெரித்தும் கொல்லும். இறந்த நாய்க்குப் பதிலாக வேறு நாய் வரும். சனங்கள் பணயம் வைத்துக் களிப்பர். கரடியோ அன்றைக்கே சாவதில்லை. அதன் விலை பெரிதாதலின் புண்ணாற்றி மீண்டும் களத்துக்குக் கொண்டுவருவர். இவ்வாறு பல வருடம் அடிபட்ட கரடிகள் தத்தம் பெயராற் புகழ்பெற்றிருந்தன. சாக்கேசன் என்பது ஒரு கரடியின் பெயர்; ஷேக்ஸ்பியர் தமது நாடகம் ஒன்றில் அப்பெயரை எடுத்தாண்டிருக்கிறார். ஹரி ஹங்க்ஸ் என்பது கண்ணிழந்த மற்றொரு கரடியின் பெயர். 1598ஆம் ஆண்டில் அங்கே சென்ற ஹென்ற்ஸ்னர் என்னும் ஜேர்மானிய யாத்திரிகர், கண்ணைக் குருடாக்கிய கரடியை நடுவிற் கட்டி, ஐந்தாறு பேர் சூழநின்று சவுக்கால் அடிக்கும் விளையாட்டைத் தாம் கண்டவாறு எழுதிவைத்தார். பெயரிட்டழைத்தார்கள், அப்பெயரை ஊரெல்லாம் அறிந்திருந்தது, ஆயினும் அது தம்மைப்போல நோவை உணரும் ஓர் உயிர் என்பதை மாத்திரம் நினைத்தாரல்லர்.

இவற்றைச் செய்தவர் ஊரிலே கீழ்மக்களும் துட்டருமாவர் என்று எண்ணற்க. 1575ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத்து மகாராணி கெனில்வேத் கோட்டைக்கு எழுந்தருளியபோது, இராணியின் களிப்புக்காகப் பதின்மூன்று கரடிகள் நாய்களுக்கு முன்னே விடப்பட்டன. 1591ஆம் ஆண்டில் இராணியின் ஆலோசனைச் சபையார் வியாழக்கிழமைகளில் நாடகம் ஆடலாகாது எனக் கட்டளையிட்டனர். நாடகம் அன்று நடந்தாற் கரடி விளையாட்டுக்குச் சனங்கள் வருவது குறையும் என்பதே அதற்குக் காரணம். 'அரசரின் கரடிகள், இடபங்கள், நாய்கள் ஆகியவற்றுக்குத் தலைவர்' என ஓர் உத்தியோகமே இருந்தது. 1604ஆம் ஆண்டில் அவ்வுத்தியோகத்தைப் பெற்ற இருவருள் ஒருவர் எட்வேட் அலெயின் என்னும் பெயர்பெற்ற நடிகர். அவர் நாடகசாலையாலும் கரடித் தோட்டத்தாலும் நிலபுலங்களாலும் பெரும்பொருள் ஈட்டி, 1619ஆம் ஆண்டில் டல்விச் என்னும் ஊரிலே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி நிறுவினார். அக்கல்லூரி இன்றும் சிறப்புற நடக்கின்றது. ஏழைப் பிள்ளைக்கு இரங்கிய நெஞ்சமும் கரடிக்கு இரங்காத நெஞ்சமும் ஒரே நெஞ்சமாய் இருந்தவாறு காண்க.

இனி இடப வளையத்தை நோக்குவாம். சந்தை கூடும் வெளியிலே நிலத்திற் பதித்த இரும்பு வளையத்தில் இடபத்தை நீண்ட கயிற்றாற் கட்டி நாய்களை ஏவுவர். இடபத்தின் மூக்கைத் தாவிக் கௌவி விடாது பற்றுதற்கென்றே வளர்த்தெடுத்த நாயினத்துக்குப் 'புல்டோக்' என்று பெயர் வந்தது. நாய்க்கு வெறிபிடித்த பெயர்போல ஒலிக்கும் அது மனிதர் செய்த தொழிலின் பெயரேயாம். இதன்கண் மிகவும் கருதற்பாலது ஒன்றுண்டு. நாய்களாற் கடியுண்ட இடபத்தின் இறைச்சியே மென்மையும் நலமும் உடையது என்று அக்காலத்தார் நம்பினர். அதனாற் பல நகரங்களிலே, நாய்களை ஏவாது இடபத்தைக் கொன்று இறைச்சி விற்கும் கசாப்புக்காரனுக்குத் தண்டம் விதிக்கும் விதி இருந்தது. கொடுமை செய்தவனுக்கன்று, செய்யாது விட்டவனுக்கே தண்டம்.

இதனினும் வியக்கத்தக்கது ஒரு தருமசாதனம். வோக்கிங்காம் என்னும் ஊரினராகிய ஜோர்ஜ் ஸ்ரேவேட்டன் என்பவர் 1661ஆம் ஆண்டில் எழுதிய மரணசாதனத்திலே, தம் சொத்தின் வருவாயினால் ஆண்டுதோறும் ஓர் இடபம் வாங்கி, மார்கழி மாதத்துப் பரிசுத்த தோமஸ் திருநாளிலே சந்தைவெளியிற் கட்டி நாய்களை ஏவி, பின் அதன் இறைச்சியை ஏழைகளுக்குப் பங்கிடுக என்று எழுதிவைத்தார். அவர் தாம் செய்வது புண்ணியம் என்றே எண்ணினார். பங்கு பெற்ற ஏழைகளும் அவ்வாறே எண்ணி அவரை வாழ்த்தியிருப்பர். திருநாளும் தருமமும் பசித்தவனுக்கு உணவும் ஒருங்கு கூடியிருக்க, அவற்றின் நடுவே கட்டுண்ட இடபத்தின் கதறல் எவர் காதில் விழும்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாய் ஏவுதல் நிறுத்தப்பட்ட பின்னும் இறைச்சிப் பங்கீடு நடந்துவந்தது. கொடுமையை நீக்கினால் தருமமும் கூடவே அழிந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு இஃது ஒரு நல்ல விடையாம்.

சேவற்போரின் வரலாறு ஆசிரியராகிய நமக்கு மிக அணித்தாய் நிற்பது. எட்டாம் ஹென்றி அரசர் வைற்ஹோல் அரண்மனையிலேயே சேவற்களம் ஒன்று கட்டுவித்தார். பிற்காலத்திலே சேவல்கள் போய், அவ்விடத்தில் அரசரின் ஆலோசனைச் சபை கூடியபோதும், 'கொக்பிற்' என்னும் பெயர் போகவில்லை. 1774ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய பெஞ்சமின் பிராங்கிளின் அச்சபைமுன் நின்று வசைமொழி கேட்டதும் அப்பெயர்கொண்ட இடத்திலேயாம். நமது தீவின் வழக்குகள் 1970களின் தொடக்கம்வரை முடிவான மேன்முறையீட்டுக்குச் சென்ற பிரிவி கவுன்சில் என்பது அச்சபையின் வழிவந்ததே. சேவலின் இயற்கை முள்ளை அறுத்து, உருக்கினாலோ வெள்ளியினாலோ செய்த கூரிய முள்ளைக் காலிற் கட்டிக் களத்தில் விடுவர். 'வெல்ஷ் மெயின்' என்பது ஒருவகைப் போர். முப்பத்திரண்டு சேவல்களைப் பதினாறு சோடியாக்கிப் பொருதச் செய்து, வென்றவற்றை மீண்டும் சோடியாக்கி, இறுதியில் ஒன்று மாத்திரம் உயிரோடு நிற்கும்வரை நடத்துவர். நமது மாணாக்கர் கூட்டிப் பார்க்கட்டும்: ஒரு வெற்றிக்கு முப்பத்தொரு சாவு. பீப்ஸ் என்பவர் 1663ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு சேவற்களத்துக்குச் சென்று, பார்லிமெந்து அங்கத்தவர் முதல் ஏழைத் தொழிலாளர்வரை எல்லாரும் ஒருங்கு நின்று பணயம் வைத்ததைக் கண்டு தமது தினக்குறிப்பில் எழுதியுள்ளார்.

இனி ஆசிரியர் கதைக்கு வருவாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலண்டன் நகரைப் புகழ்ந்தெழுதிய பிற்ஸ்ரீபன் என்பவர், தவக்காலத்துக்கு முந்திய நாளிலே பாடசாலைப் பிள்ளைகள் தத்தம் சேவல்களை ஆசிரியரிடம் கொண்டுவருவர் என்றும், முற்பகல் முழுவதும் பாடத்துக்கு விடுமுறையாய் வகுப்பறையிலே சேவற்போர் நடக்கும் என்றும் கூறுகின்றார். இவ்வழக்கம் அவரோடு ஒழியவில்லை. வட இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் பல பாடசாலைகளிலே, அந்நாளில் ஆசிரியருக்குப் பிள்ளைகள் 'கொக்பெனி', அஃதாவது சேவற்காசு, கொடுக்கும் முறை இருந்தது. ஸ்கொத்லாந்திலே போரில் இறந்த சேவலும் களத்தை விட்டோடிய சேவலும் ஆசிரியருக்கு உரியன. சில இடங்களிற் சேவற்போர் நின்ற பின்னும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், சேவற்காசு நிற்காது ஆசிரியர் சம்பளத்தின் ஒரு பகுதியாக நடந்துவந்தது.

அன்பர்களே, இதனை ஆறுதலாகச் சிந்தியுங்கள். அவ்வாசிரியர்கள் கொடியவர்கள் அல்லர். வேதபுத்தகம் ஓதுவித்தவர்கள், இலத்தீன் இலக்கணம் கற்பித்தவர்கள், பொய் சொல்லாதே, திருடாதே என்று நீதி போதித்தவர்கள். சம்பளமோ சிறிது. சேவற்காசு வந்தால் வீட்டில் அடுப்பெரியும். தமக்கு வருவாய் தரும் ஒரு வழக்கத்தைத் தீது என்று அறிதல் மனிதருக்கு எத்துணை அரிது! ஆயினும் அறிந்தார் ஒருவர் இருந்தார். 1509ஆம் ஆண்டளவில் இலண்டனிற் சென் போல் பாடசாலையை நிறுவிய ஜோன் கொலற் என்பவர், 1518ஆம் ஆண்டில் அதற்கு எழுதிய விதிகளிலே மாணாக்கர் சேவற்போர் செய்யலாகாது என்று தடுத்துவைத்தார். அது பார்லிமெந்து தடுப்பதற்கு முந்நூறு வருடங்களுக்கு மேல் முந்தியது. தேசம் முழுவதும் ஒரு வழியிற் செல்ல, ஒரு பாடசாலை வேறுவழியிற் செல்லக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இக்கொடுமைகள் ஒழிந்த வரலாறும் அறியத்தக்கது. 1583ஆம் ஆண்டு சனவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கரடித் தோட்டத்துப் பார்வைப் படிகள் இடிந்து வீழ்ந்து பலர் இறந்தனர். போதகர்கள் இது தேவ தண்டனை என்றனர். எதற்குத் தண்டனை? கரடியை வருத்தியதற்கன்று, ஓய்வுநாளைக் கெடுத்ததற்கு என்றனர். அவ்வருடத்திலேயே பிலிப் ஸ்ரப்ஸ் என்பவர் மிருகங்களும் கடவுளின் படைப்பாதலின் அவற்றை வருத்தலாகாது என்று எழுதினார். அக்குரல் அன்று தனிக்குரலாய் நின்றது. 1642ஆம் ஆண்டின் பின் தூய்மை வாதிகளின் ஆட்சியிலே இவ்விளையாட்டுத் தடுக்கப்பட்டது. 1656ஆம் ஆண்டில் படைவீரர் சென்று எஞ்சியிருந்த கரடிகளைச் சுட்டுக் கொன்றனர். விளையாட்டை ஒழிக்கப் புகுந்தவர்கள் கரடியைக் காத்தாரல்லர். 1660ஆம் ஆண்டில் அரசாட்சி திரும்பவே கரடி விளையாட்டும் திரும்பிவிட்டது. சட்டம் கையைக் கட்டியது, நெஞ்சத்தைத் திருப்பவில்லை. ஆதலாற் கட்டு அவிழ்ந்தவுடன் கை பழைய தொழிலுக்கே சென்றது.

நெஞ்சம் மெல்ல மெல்லத் திரும்பிற்று. 1751ஆம் ஆண்டில் ஹோகாத் என்னும் சித்திரகாரர் 'கொடுமையின் நான்கு படிகள்' என நான்கு சித்திரங்கள் வெளியிட்டார். முதற் சித்திரத்திலே சிறுவர் நாயையும் பூனையையும் சேவலையும் வருத்தி விளையாடுகின்றனர். அவர்களுள் முதல்வன் தரும பாடசாலைப் பிள்ளை. இரண்டாவதில் அவன் வண்டிக்காரனாகிக் குதிரையை அடிக்கின்றான். மூன்றாவதிற் கொலைஞனாகின்றான். நான்காவதிலே தூக்கிலிடப்பட்ட அவன் உடல் அறுக்கப்படுகின்றது. விலை மலிவாக அச்சிட்டுச் சாதாரண சனங்களும் காணச்செய்தார். சிறுவன் விளையாட்டு வளர்ந்து எங்கே முடியும் என்பதை எழுத்தறியாதவனும் கண்டுகொண்டான்.

1800ஆம் ஆண்டில் இடபத்தின்மேல் நாய் ஏவுதலைத் தடுக்கும் மசோதா ஒன்று பார்லிமெந்திலே கொண்டுவரப்பட்டது. வில்லியம் விண்டம் என்னும் பெரிய அரசியல்வாதி அதனை எதிர்த்தார். செல்வர் நரிவேட்டையாடிக் களிக்க, ஏழையின் விளையாட்டை மாத்திரம் தடுப்பது நீதியன்று என்பது அவர் வாதம். மசோதா இரண்டு வாக்குகளால் தோற்றது. 1802ஆம் ஆண்டில் மீண்டும் தோற்றது. பின்னர் அயர்லாந்தினின்று வந்த அங்கத்தவராகிய றிச்சேட் மாட்டின் 1822ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார். குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றைக் கொடுமை செய்தல் அதனாற் குற்றமாயிற்று. ஆயின் இடபம் அச்சட்டத்தின் சொற்களுள் அடங்காது என நீதிபதிகள் கூறிவிட்டனர். 1824ஆம் ஆண்டில் பிராணிகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கம் இலண்டனில் ஒரு கோப்பிக்கடையிலே தொடங்கிற்று. அதனை முன்னின்று தொடக்கிய ஆதர் புறூம் என்னும் குருவானவர் சங்கத்தின் கடனுக்காகச் சிறை சென்றார். 1835ஆம் ஆண்டில் ஜோசப் பீஸ் என்பவர் கொண்டுவந்த சட்டத்தினாலே கரடி, இடபம், சேவல் ஆகியவற்றைப் பொருதச்செய்யும் களங்கள் யாவும் தடுக்கப்பட்டன.

ஸ்ராம்போட் என்னும் ஊரார் சட்டம் வந்த பின்னும் இணங்கவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் இடபத்தை வீதிதோறும் ஓட்டி வருத்தும் தமது பழைய வழக்கத்தைப் பொலிசாரும் குதிரைப்படையும் வந்து நின்றும் விடாது 1839ஆம் ஆண்டுவரை நடத்தினர். 'இது எம் முன்னோர் வழக்கம். இதனைக் கேட்க அயலாருக்கு என்ன உரிமை?' என்பதே அவர்கள் பேச்சின் சாரம். படைச்செலவு தங்கள் தலைமேல் விழக் கண்ட பின்னரே விட்டனர். விண்டம் கேட்ட கேள்விக்கோ விடை வர மிக நெடுங்காலம் சென்றது. செல்வரின் நரிவேட்டையை இங்கிலாந்திலே தடுத்த சட்டம் 2004ஆம் ஆண்டில், ஏழையின் விளையாட்டைத் தடுத்து 169 வருடங்களின் பின், நிறைவேறிற்று. பிறர் கொடுமையைக் காணும் கண் தன் கொடுமையைக் காணத் தாமதிக்கும் என்பது இதனால் விளங்கும்.

இவற்றைக் கேட்டு, நமது சமயமே சீவகாருணியத்தை உயிராகக் கொண்டது, நமக்கு இவ்விழிவு இல்லை என்று மகிழ்ந்திருக்கலாமோ? சற்றே பொறுங்கள். சைவசித்தாந்தம் உயிர்களை மனிதவுயிர், மிருகவுயிர் எனச் சாதிபிரித்துக் கூறவில்லை. அரசனும் பசு, அவன் கட்டிவைத்த கரடியும் பசு. ஆணவமலத்தாற் கட்டுண்ட இரண்டுக்கும் வினைக்கீடாகத் தநு கரணங்களைக் கொடுத்தவன் ஒரே பதி. வேறுபாடு உடம்பளவினது, நோவளவினதன்று. 84 இலட்சம் யோனிபேதங்களுள் இன்று கம்பத்தில் நிற்பது எது, நாளை நிற்பது எது என்று யார் அறிவார்? பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்திலே சொக்கேசர் தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குத் தாயாகி முலைகொடுத்தார், கரிக்குருவிக்கு உபதேசித்தார், நாரைக்கு முத்தி கொடுத்தார். பெரியபுராணத்திலே ஒரு கன்றின் உயிருக்காகச் சோழன் தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இட்டான். இடபத்தைத் தருமத்தின் வடிவென்று வணங்குகிறோம். சேவலை முருகன் கொடியிலே காண்கிறோம்.

நூல் இவ்வாறிருக்க, நடை எவ்வாறிருந்தது? தமிழ்நாட்டிலே விழுப்புரத்தைச் சார்ந்த அரசலாபுரத்தில் ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது வீரன் ஒருவனுக்கு நட்டதன்று. பொருது மாண்ட ஒரு சேவலுக்கு, அதன் சேரியின் பெயரும் பொறித்து நட்டது. இலண்டனில் வீதிப்பெயர் சொல்லுவதை நம்மிடத்திற் கல் சொல்லுகின்றது. மாட்டின் சட்டம் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில் நல்லூரிற் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள், கோயில்களிலே உயிர்ப்பலியிடுதலைக் கண்டித்தமை நீங்கள் அறிந்ததே. அவர்கள் சிவபதமடைந்தது 1879ஆம் ஆண்டில். 1907ஆம் ஆண்டில் இலங்கையிலே பிராணிகளைக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் வந்தது. அதன்பின்னும் நூறு வருடங்கள் கழிந்து, 2017ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்து மேல்நீதிமன்றம் இந்துக் கோயில்களில் வேள்வி என்னும் பெயரால் நடக்கும் மிருகபலியைத் தடுத்துத் தீர்ப்புக் கூறவேண்டியிருந்தது. நாவலரைப் போற்றி விழாவெடுக்கும் ஊரிலே நாவலர் சொல்லை நீதிபதி சொல்லவேண்டி வந்தது எதனால்? ஸ்ராம்போட் ஊரார் சொன்னதையே நம்மவரும் சொன்னமையால் அன்றோ?

வேள்வியை இகழும் நம்மவரிலும் சவாரித்திடலுக்குச் செல்வோர் உளர். இடபங்களை வண்டியிற் பூட்டி ஓட்டுதல் நம் உழவர்க்குப் பெருமையும் களிப்புமான விளையாட்டு. எருதை அன்போடு வளர்த்துப் பெயரிட்டு அழைப்போர் அவருட் பலர். ஓட்டம் மாத்திரம் குற்றமன்று. ஆயின் வெற்றி வேண்டி வாலை முறுக்கியும் தடியாற் குத்தியும் விரட்டும்போது அங்கே நிற்கும் பிள்ளை எதனைக் கற்கின்றது? காலையிலே சமயபாடத்தில் நந்தியெம்பெருமான் மகிமையை ஓதிய பிள்ளை, மாலையிலே குருதி கசியும் எருதைக் கண்டு கைகொட்டினால் எந்தப் பாடம் நிலைக்கும்? அவ்வெருதுக்கும் பெயருண்டு, சாக்கேசனுக்கும் பெயரிருந்தது.

ஆதலால் ஆசிரிய அன்பர்களே, மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கின்றோம். முதலாவது, கொல்லாமையை ஒப்புவிக்கும் பாடமாக மாத்திரம் நடத்தாது, பாடசாலை முற்றத்திலே நடைமுறையாக்குக. தும்பியின் வாலில் நூல் கட்டும் பிள்ளையையும், ஓணானுக்குக் கல்லெறியும் பிள்ளையையும், தெருநாயைத் துரத்தும் பிள்ளையையும் சிறுபிள்ளை விளையாட்டு என்று விடற்க. ஹோகாத் வரைந்த முதற்படி அதுவே. மாலையிற் பறவைக்கு ஒரு சிரட்டை நீர் வைக்கப் பழக்குக. கருணை கையாற் செய்யும்போதே நெஞ்சிற் பதியும்.

இரண்டாவது, பிரம்பைக் கையிற்கொண்டு சீவகாருணியம் போதியற்க. அடித்துக் கற்பித்த கருணையைப் பிள்ளை கற்பதில்லை, அடிப்பதையே கற்கும். பண்டைக் காலத்து ஆசிரியர்க்குச் சேவற்காசு எவ்வாறு குற்றமாகத் தோன்றவில்லையோ, அவ்வாறே நமக்குப் பிரம்பும் தோன்றாதிருந்தது. வழக்கமாய்விட்டமையே காரணம்.

மூன்றாவது, வழக்கம் ஒன்றைக் காணும்போது, 'இது முன்னோர் செய்தது' என்பதோடு நின்றுவிடாது, 'இதனால் நோவது யார்? இதனால் எமக்கு வருவது யாது?' என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்கப் பழகுக, பிள்ளைகளையும் பழக்குக. முன்னோர் செய்தவற்றுள் நல்லன மிகப்பல. நல்லதனை ஆராய்ந்தாலும் அது நல்லதாகவே நிற்கும். ஆராய்ச்சிக்கு அஞ்சி ஒளிவது தீயதொன்றே.

இலண்டனில் ஹொக்லி என்னும் பகுதியிலும் ஒரு கரடித் தோட்டம் இருந்து பெயர் கெட்டமையால், 1774ஆம் ஆண்டில் அவ்வீதிக்கு வேறு பெயர் இட்டனர். சவுத்வாக்கிலோ பழைய பெயர் மாற்றப்படவில்லை. அச்சந்தின் அருகே நிலத்தை அகழ்ந்த ஆராய்ச்சியாளர் கரடிகளின் எலும்பையும் பெருநாய்களின் எலும்பையும் எடுத்துள்ளனர். பெயர் நின்றமையாலன்றோ இன்று வழிச்செல்வோர், 'இங்கே கரடி எதற்கு?' என்று கேட்டு உண்மை அறிகின்றனர். பெயரை அழித்தாற் பாவம் அழியாது. படிப்பினை மாத்திரமே அழியும்.

நமது ஊர்களிலும் வேள்விக்களமும் சவாரித்திடலும் பெயராக நிற்கின்றன. இன்னும் முந்நூறு வருடத்தின் பின் ஒரு பிள்ளை தன் ஆசிரியரை நோக்கி, 'இவ்விடத்துக்கு இப்பெயர் ஏன் வந்தது?' என்று கேட்கும். அவ்வாசிரியர் சொல்லப்போகும் விடையை இன்று வகுப்பறையில் நின்று எழுதிக்கொண்டிருப்பவர் நாமேயாவோம். 'முன்பு இங்கே உயிர்களை வருத்தினர்; நம் ஆசிரியர்கள் அது கூடாதெனக் கற்பித்தனர்; சனங்கள் தாமாகவே விட்டனர்' என்று அவர் சொல்லும்படி நடத்தற்கு, எவ்வுயிர்க்கும் உயிராய் நின்றருளும் சிவபெருமான் திருவடிகள் நமக்குத் துணைபுரிக.

திருச்சிற்றம்பலம்.